பிள்ளை வீட்டுக்கு அல்ல, ஊர் பார்க்க

ஐரோப்பாவுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஆருக்கு ரீச்சர் பிள்ளைப்பெறு?"

கேட்டதில் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் என் வயதுப் பெண் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டால் மகளுக்கோ மருமகளுக்கோ குழந்தை பிறக்கப் போகிறது, இல்லாவிட்டால் ஒரு கலியாணம், அதுவும் இல்லாவிட்டால் ஒரு செத்தவீடு. சும்மா ஊர் பார்க்கப் போகிறாள் என்றால் ஆரும் நம்புவதாயில்லை. அதுவும் பிள்ளை அங்கேயே இருக்க, காசு கட்டி, முன்பின் தெரியாத நாற்பது பேரோடு பஸ்ஸில். "உமக்கென்ன விசரே?" என்றாள் மச்சாள். மகள் ரெலிபோனில் அழுதே விட்டாள். "எங்கட வீடு இருக்க ஹொட்டலிலயோ அம்மா படுக்கப் போறீங்கள்?"

மகள் இருப்பது ஜேர்மனியில், டோர்ட்முண்டுக்குக் கிட்ட. நான் படிப்பித்தது புவியியல். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தின காலத்திலும் ரூர் நிலக்கரி வயலையும் ரைன் நதிப் போக்குவரத்தையும் விடாமல் படிப்பித்தேன். டோர்ட்முண்ட், எசன், டூயிஸ்பேர்க் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கடைசியில் என் மகளே அந்த ரூர்ப் பிரதேசத்தில் போய்க் குடியேறினாள். பேரப்பிள்ளைகள் பிறந்த நேரங்களில் போய் மாதக்கணக்கில் இருந்தேன். ஒரு சுரங்கத்தின் வாசலையும் பார்க்கவில்லை. ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் பொட்ரொப்பில் மூடப்பட்ட செய்தியை யாழ்ப்பாணத்தில் இருந்துதான் பார்த்தேன்.

பார்த்ததெல்லாம் மூன்றாம் மாடி யன்னல். குளிர்காலத்தில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். பத்தியக் கறி, குழந்தைக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டல், பெரியவனைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருதல். மகளும் மருமகனும் வேலைக்குப் போகும்போது "ஆர் பெல் அடிச்சாலும் கதவு திறக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிழமைக்கொரு தடவை வெளியே போனால் ஹம் காமாட்சி அம்பாள் கோயில். 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில்; 17 மீற்றர் உயரக் கோபுரம் தொழிற்பேட்டைக்கு நடுவில் நிற்கும். அம்மனைக் கும்பிட்டு, சனத்தோடு கதைத்து, அன்னதானம் சாப்பிட்டுத் திரும்புவோம். சந்தோசம்தான். ஆனால் சந்தித்த சனமும் கதைத்த கதையும் எங்கட ஊர்தான். ஜேர்மனி கார் யன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

மகளைக் குறை சொல்ல வரவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை, அதிலும் முறை மாறி மாறி. "வாற கிழமை எங்கயாவது கூட்டிக்கொண்டு போறன் அம்மா" என்று சொல்லும்போதே அவள் கண் மூடிக்கொண்டு போகும். அந்தப் பிள்ளையிடம் "என்னை ரைன் நதிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று எப்படிக் கேட்பது? பிள்ளை வீட்டுக்குப் போவதும் ஊர் பார்க்கப் போவதும் இரண்டு வேறு பயணங்கள். முதலாவது கடமை, அதை முழு மனதோடு செய்து முடித்தேன். இரண்டாவதை என் காசில், என் பேரில் செய்ய வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனதுக்குள் இருந்தது. சீட்டுக் காசு கைக்கு வந்ததும் வெள்ளவத்தையில் இருந்து நடத்துகிற ஒரு சுற்றுலாவுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டேன். இவரையும் கூப்பிட்டேன். "மாட்டை ஆர் பாக்கிறது?" என்றார். பத்துப் பேர் வந்து பார்க்கத் தயாராய் இருந்தாலும் அவர் அந்த மாட்டை விட்டு அசையமாட்டார், அது எனக்குத் தெரியும்.

விசா எடுக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. முந்தி போகும்போது எல்லாம் மகளுடைய பத்திரங்கள்: மகளின் சம்பளத் துண்டு, மகளின் வீட்டு ஒப்பந்தம், அம்மாவின் செலவு முழுக்க என் பொறுப்பு என்று மகள் அங்குள்ள அலுவலகத்தில் கையெழுத்து வைத்த தாள். இந்த முறை என் ஓய்வூதியக் கடிதம், என் வங்கிக் கூற்று, என் காணி உறுதி. கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனில் இருந்து அதுதான் கணக்கு. அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி. ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் கூடுதலான இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு அது இத்தாலி. கொழும்பில் விரல் அடையாளம் கொடுத்துவிட்டு இரவு பஸ்ஸில் திரும்பி வரும்போது, வயது போன காலத்தில் முதன்முதலாக ஒரு கடவுச்சீட்டு எனக்குச் சொந்தமானது போல இருந்தது.

சாமான் கட்டின கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிப் போகிறவர்களுக்கு உதவும். இறைச்சியும் பாலில் செய்ததும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மீனுக்குத் தடையில்லை, சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரைக்கும் விடுவார்கள். ஆகவே கருவாடு போகலாம், பக்கத்து இருக்கைக்காரர் மன்னித்தால். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியான் இந்த ஐந்துக்கும் தாவர நோய்ச் சான்றிதழ் தேவையில்லை. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் மாம்பழத்துக்கும் தேவை. மகளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை விமானநிலையம் போகும் வழியில் வான் சாரதியிடமே கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு விசா கிடைத்ததை விட அவனுக்குத்தான் பெரிய சந்தோசம். பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் எல்லாம் பிரச்சினையில்லாமல் போய்ச் சேர்ந்தன.

ரோமில் இறங்கி, பரிசில் விமானம் ஏறுவது திட்டம். பஸ்ஸில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள்: யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்புத் தமிழர், குருநாகலில் இருந்து இரண்டு சிங்களத் தம்பதியர், லூர்து போகும் பயணம் என்று நினைத்துப் பெயர் கொடுத்துவிட்ட பாசையூர் அம்மா ஒருவர். எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டித் தம்பி இத்தாலியின் பலெர்மோவில் வளர்ந்தவன். தகப்பன் நாவாந்துறை. இத்தாலிக்காரரோடு இரண்டு கையாலும் கதைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "அன்ரி, ஒன்பதேகாலுக்கு பஸ் வெளிக்கிடும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொல்லுவான்.

அந்த ஒன்பதேகாலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருப்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சாரதி குரோஷியாக்காரர். தடித்த மனிசன், சிரிப்பு இல்லை. அவருடைய அட்டை ஒன்றை வண்டியில் ஒரு கருவிக்குள் செருகி வைத்திருப்பார். ராக்கோகிராப் என்று பெயர். அது அவர் ஓடிய ஒவ்வொரு நிமிடத்தையும் பதியும். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். நாளுக்கு ஒன்பது மணித்தியாலம்தான் ஓடலாம், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் பத்து வரைக்கும் போகலாம். ஒரு நாள் வேலை முடிந்தால் அடுத்த நாள் தொடங்குவதற்கு முன் பொதுவாகப் பதினொரு மணித்தியாலம் விட வேண்டும். மீறினால் பொலிஸ் அந்தப் பதிவைப் பார்த்துத் தண்டம் அடிக்கும். நாங்கள் எங்கே நின்று தேத்தண்ணி குடிக்கிறோம், எந்தச் சந்தியில் படம் எடுக்கிறோம், இரவு எந்த ஊரில் படுக்கிறோம் என்பதெல்லாம் அந்த அட்டையின் கணக்கு. எங்கள் ஊர் இரவு பஸ் கொழும்புக்கு 400 கிலோமீற்றரை ஒரு சாரதி, ஒரு தேத்தண்ணிக் கடை, விடிய விடியப் பாட்டு என்று ஓடி முடிக்கும். அதில் கண்ணை மூடிக்கொண்டு வளர்ந்த எங்களுக்கு, சாரதியின் நித்திரைக்காக நாற்பது பேர் காத்திருப்பது புதுமையாய்த்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் கொழும்பு ஐயா ஒருவர், "உந்தச் சட்டம் எங்கட ஊரில இருந்திருந்தால் என்ர மச்சான் இண்டைக்கு உயிரோட இருப்பான்" என்றார். பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஹொட்டல் ஏன் எப்போதும் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைக் கரையில் என்பதற்கும் காரணம் பஸ்தான். பெரிய பஸ்ஸை நகரத்துக்குள் விடுவதற்குப் பல ஊர்களில் அனுமதியும் கட்டணமும் வேண்டும். நிறுத்த இடமும் இல்லை. புளோரன்சில் வெளியே இறக்கிவிட்டு நட என்றார்கள். பீசாவில் தூரத்தில் நிறுத்திவிட்டு நட. வெனிசில் ட்ரொன்கெற்றோவில் இறங்கி, படகு ஏறி, பிறகு நட. பஸ் பயணம் என்றுதான் காசு கட்டினோம். இத்தாலியில் நடந்தது பாதயாத்திரை. முழங்கால் நோவு உள்ளவர்கள் முதலில் நல்ல சப்பாத்தை வாங்குங்கள், பிறகு விசாவை எடுங்கள். இத்தாலியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு அதிகமில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தோம், சனத்துக்குள்ளால் பார்த்தோம். பீசாக் கோபுரத்தை 1990 இல் மூடி, மண்ணை ஒரு பக்கமாகத் தோண்டி, கொஞ்சம் நிமிர்த்தி 2001 இல் திறந்தார்களாம். முழுக்க நிமிர்த்தினால் ஆர் பார்க்க வருவார்கள்? ஏறக்குறைய நாலு பாகை சாய்வை விட்டு வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்.

பஸ்ஸுக்குள் நடந்தது தனி உலகம். ஒவ்வொரு நாளும் இரண்டு வரிசை முன்னுக்கு மாறி இருக்க வேண்டும். அதில்தான் பெரிய சண்டையெல்லாம். பஸ்ஸிலேயே ஒரு மலசலகூடம் இருக்கிறது, சாரதி அதைப் பூட்டியே வைத்திருப்பார். ஜேர்மன் நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் மலசலகூடத்துக்கு ஒரு தடவை போக ஒரு யூரோ. அதே பெறுமதிக்கு ஒரு துண்டு தருவார்கள், கடையில் கழித்துக்கொள்ளலாம். முந்நூறு ரூபாவுக்கு மேல் கொடுத்து ஒண்ணுக்குப் போவதா என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திய ஆட்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. அறைகளில் சுடுதண்ணீர்க் கேத்தில் வைக்க மாட்டார்கள், கொண்டு போங்கள். ஆனால் ஜேர்மனியில் பொருந்துகிற தடித்த வட்டப் பிளக் சுவிஸ் சுவரில் ஏறாது. அன்றிரவு பனங்கட்டி இருந்தும் தேத்தண்ணி இல்லாமல் படுத்தோம்.

லூசேர்ன் வந்த நாளை விரிவாகச் சொல்ல வேண்டும். பஸ் நின்ற இடத்தில் எங்களுக்கு முன்பே சனம் நின்றது. தம்பி திகைத்துப் போனான். பஸ்ஸில் இருந்தவர்களின் சகோதரர், பெறாமக்கள், மச்சினிச்சிமார் எல்லாம் பேர்னில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் வந்து நிற்கிறார்கள், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு. இடியப்பம், பிளாஸ்கில் சொதி, ரோல்ஸ், மிக்சர், அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். எங்களுக்கு அந்த ஊரில் தந்த நேரத்தில் பாதி, வாகனத் தரிப்பிடத்திலேயே போய்விட்டது. தூரத்தில் கப்பெல்புறூக்க என்ற பழைய மரப்பாலம் தெரிந்தது. 1993 இல் எரிந்து திருப்பிக் கட்டியதாம். அதைப் பார்க்கப் போகலாம் என்று தம்பி கையைக் காட்டக் காட்ட, "முதல் சாப்பிடுங்கோ தம்பி" என்று அவன் வாய்க்கும் ஒரு ரோல் போனது.

குருநாகல் ஐயா ரோலைக் கடித்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார், "உங்களுக்கு மட்டும் எப்படி எல்லா ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள்?" கேட்டதில் ஒரு வஞ்சகமும் இல்லை. எங்களோடு வந்த ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர், "எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவை" என்றார். அவ்வளவுதான். ஐயா தலையாட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, முகாமையாளரின் தம்பியிடம் போய் அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

முகாமையாளரின் தம்பி தான் வந்த கதையை அன்று எங்களுக்குச் சொன்னார். 1985. கொழும்பில் இருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். கிழக்கு ஜேர்மனி இடைத்தங்கல் விசா கொடுக்கும். ரயில் ஏறி மேற்கு பெர்லினில் இறங்கினால், பெர்லின் நகரம் பிரிக்கப்பட்டதையே ஏற்றுக்கொள்ளாத மேற்குப் பக்கம் சோதனை வைக்காது. அப்படி எங்கள் பெடியள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இவர் பிறகு சுவிஸுக்கு வந்து, ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினியில் சமையற்காரராக ஓய்வு பெற்றார். பஸ் நின்ற இடத்துக்குக் கிட்டத்தான் பாறையில் செதுக்கிய சிங்கம் இருக்கிறது, 1821 இல் முடித்தது. 1792 இல் பரிசில் பிரெஞ்சு அரசனுக்குக் காவல் நின்று செத்த சுவிஸ் சிப்பாய்களுக்கான நினைவுச்சின்னம். அந்தக் காலத்தில் சுவிஸ் ஏழை நாடு, பெடியளை வேற்று நாட்டுப் படைகளுக்குக் கூலிக்கு அனுப்பியது என்று எங்கள் வழிகாட்டித் தம்பி மைக்கில் சொன்னான். நாற்பது வருடம் அந்த நாட்டில் இருந்த மனிசன் அன்றுதான் அந்தக் கதையைக் கேட்கிறார். "அப்ப இவையும் வெளிநாட்டுக்கு உழைக்கப் போனவைதானே" என்றார்.

அடுத்த நாள் ரிட்லிஸ் மலை. கேபிள் கார் சுழன்றுகொண்டே 3,020 மீற்றருக்கு ஏற்றிவிடும். மேலே பனிக்குள் ஷாருக் கானும் கஜோலும் ஆளுயர அட்டையாக நிற்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் மலையை விட அவர்களோடு படம் எடுத்தவர்கள்தான் கூட. குடாநாட்டுக்காரருக்கு மலை என்றால் கீரிமலை, அதிலும் மலை இல்லை. தலையிடித்தது, இறங்கி வந்தோம்.

ஷப்ஹௌசனில் ரைன் நீர்வீழ்ச்சி. 150 மீற்றர் அகலம், 23 மீற்றர் உயரம். உயரம் பெரிதில்லை, ஆனால் வருகிற தண்ணீரின் அளவு இருக்கிறதே! கரும்பலகையில் சோக்கால் நான் வருடா வருடம் வளைத்து வளைத்துக் கீறின கோடு இதுதான். அந்தக் கோட்டின் நீளம் 1,320 கிலோமீற்றர் என்று புத்தகத்தில் இருந்தது. இலக்கங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன, உண்மையில் ஏறக்குறைய 1,230 தான் என்று ஜேர்மன் ஆராய்ச்சியாளர் ஒருவர் 2010 இல் சுட்டிக்காட்டினார். அந்தத் தொண்ணூறு கிலோமீற்றரை நம்பிப் பரீட்சை எழுதின பிள்ளைகள் இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சாரல் முகத்தில் அடிக்க அடிக்க நின்றேன். கூட வந்தவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு தம்பி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அதைத் தாண்டினால் ஜேர்மனி. அதுவரை இத்தாலி, ஒஸ்திரியா, சுவிஸ் என்று எல்லை கடந்ததே தெரியவில்லை. ரெலிபோனுக்கு வருகிற குறுஞ்செய்தியை வைத்துத்தான் நாடு மாறியதை அறிந்தோம். ஷெங்கன் என்பது லக்சம்பேர்க்கில் ஒரு சின்னக் கிராமம். எல்லைச் சோதனையை எடுக்கும் ஒப்பந்தம் அங்கே கைச்சாத்தானதும் 1985 இல்தான், முகாமையாளரின் தம்பி வந்த அதே வருடம். ஆனால் ஜேர்மனி 2024 செப்ரெம்பரில் இருந்து தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறது. பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார்கள். இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள், அதில் ஒருத்தி பேத்தி வயதுப் பெண். அவள் வாய் திறக்குமுன்பே பாதி பஸ் எழும்பிவிட்டது. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக இறங்கத் தயார். போர்க்காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடிப் பழக்கம். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, கால் தானாக எழும்பியது. அந்தப் பெட்டை பயந்துபோய்த் தம்பியைப் பார்க்க, அவன் "இருங்கோ, இருங்கோ, இறங்கத் தேவையில்லை" என்று கத்தினான். இருந்த பிறகு சிரித்தோம். பாசையூர் அம்மா மட்டும் பொலிஸ் இறங்கும் வரைக்கும் செபமாலையை விடவில்லை.

கொலோனில் மகள் வந்தாள். இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல், ரயில் ஏறி வந்திருந்தாள். அங்கே ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்தால் நேர் முன்னால் பேராலயம் நிற்கிறது, 157 மீற்றர். "இந்த ஸ்டேசனில எத்தினை தரம் ரயில் மாறியிருப்பன், ஒரு நாளும் உள்ளுக்குப் போகேல்லை அம்மா" என்றாள். இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் இருப்பவள். ஆவணி மாதத்தில் கெவெலார் மாதாவிடம் மட்டும் தமிழ்ச் சனத்தோடு போவாள். ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போகிற மாதிரித்தான், சைவக்காரரும் போவார்கள். இந்தக் கோயிலுக்கு வேலையும் இல்லை, நேரமும் இல்லை.

நான்தான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். காலையில் தம்பி மைக்கில் சொன்னதை எல்லாம் ஒப்புவித்தேன். 1248 இல் கட்டத் தொடங்கி, பதினாறாம் நூற்றாண்டில் காசும் ஊக்கமும் இல்லாமல் நிறுத்தி, பாதிக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மரப் பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்காய் நின்றதையும், 1842 இல் திரும்பத் தொடங்கி 1880 இல் முடித்ததையும், உலகப் போரில் குண்டு பட்டும் விழாமல் நின்றதையும். அவள் ஒன்றும் சொல்லாமல் அண்ணாந்து பார்த்தாள். "எங்கட இல்லத்தில ஒரு கிழவி, இந்தக் கோயிலடியில பிறந்து வளந்தவ. ஒவ்வொரு நாளும் இதைப் பற்றித்தான் கதை. எனக்கு ஒண்டும் விளங்கிறதில்லை, ஓம் ஓம் எண்டு தலையாட்டுவன். நாளைக்குப் போய்ச் சொல்லலாம்" என்றாள். வெளியே படிக்கட்டில் இருந்து அவள் கொண்டு வந்த புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். பஸ் வெளிக்கிடும் நேரம் மெல்லக் கேட்டாள், "இதுக்கு எவ்வளவு கட்டினீங்கள் அம்மா?" சொன்னேன். விலை கூட என்றுதான் சொல்லுவாள் என்று பார்த்தேன். "அடுத்த முறை எனக்கும் சேத்துக் கேளுங்கோ" என்றாள்.

ஆம்ஸ்ரடாமில் கால்வாய்ப் படகு. பதினேழாம் நூற்றாண்டு, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி, கறுவா, செல்வம் கொழித்த காலம் என்று ஒலிபெருக்கி பல மொழிகளில் சொல்லிக்கொண்டு வந்தது. எங்களோடு வந்த ஓய்வு பெற்ற நில அளவையாளர் காரைநகர். "எங்கட ஊருக்கும் ஆம்ஸ்ரடாம் எண்டுதான் பேர் வைச்சவை" என்றார் பொதுவாக. தம்பி நம்பவில்லை. நெடுந்தீவு டெல்ப்ற், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம் என்று நானும் சேர்ந்து அடுக்கினேன். ஒல்லாந்தர் 1658 இல் போர்த்துக்கேயரிடம் இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரைக்கும் வைத்திருந்தவர்கள். கோட்டை அவர்களுடையது, தோம்பு எழுதி எங்கள் காணிகளைக் கணக்கெடுத்ததும் அவர்கள், ஆனையிறவுப் பக்கமாய்ப் போன யானைகளின் காசும் இந்தக் கால்வாய்க் கரைகளுக்குத்தான் வந்திருக்கும்.

எனக்கு அந்தப் படகில் நினைவு வந்தது தேசவழமை. 1707 இல் ஒல்லாந்தர்தான் அதை எழுத்தில் தொகுத்தார்கள். இன்றைக்கும் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்கு அதுதான் சட்டம். அதன்படி கலியாணம் கட்டின பெண் தன் சீதனக் காணியையும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. இந்தப் பயணத்துக்குக் காணி விற்க நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இவர் மாட்டுக்கொட்டிலில் இருந்து எழும்பி வந்து கையெழுத்து வைக்க வேண்டியிருந்திருக்கும். சீட்டுக்கு ஒருவரின் கையெழுத்தும் தேவையில்லை. கரையில் சாய்ந்து சாய்ந்து நின்ற அந்த ஒடுக்கமான வீடுகளைப் பார்த்தபோது கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. அவர்கள் எழுதி வைத்தது எங்கள் ஆட்களிடம் கேட்டுத்தான் என்பதும் நினைவு வந்ததால் கோபத்தை இரண்டு பக்கமும் பங்கிட வேண்டியதாய்ப் போயிற்று.

பரிசில் கடைசியாக ஒரு அரை நாள் அவரவர் விருப்பம் என்று விட்டார்கள். கேட்க வேண்டுமா? முக்கால்வாசிப் பேர் லாச்சப்பல். யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் ஐபல் கோபுரத்துக்கு முன்பே தெரிகிற பெயர் அது. புடவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை, கொத்துரொட்டி, மாணிக்கப் பிள்ளையார் கோயில். ஊரிலேயே வாங்கலாம் என்ற சாமான்களை இருமடங்கு விலைக்கு வாங்கி வந்தார்கள், உறவினரைக் கண்டு வந்தார்கள். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. பலருக்குப் பயணம் முழுக்க அந்த அரை நாளுக்காகத்தான்.

நானும் நில அளவையாளரின் மனைவியும் போகவில்லை. எங்கள் இருவருக்கும் பரிசில் சொந்தக்காரர் உண்டு, சொல்லவுமில்லை. ஐபல் கோபுரத்தின் இரண்டாம் தட்டுக்குப் படியால் ஏறலாம், 674 படி. எங்கள் முழங்காலுக்கு அது கதையில்லை, மின்தூக்கியில்தான் போனோம். மேலே காற்று சேலையைப் பிய்த்தது. கீழே செயின் நதி, பாலங்கள், சாம்பல் நிறக் கூரைகள். அந்த அம்மா சொன்னா, "ரீச்சர், இஞ்ச நிண்டு பாக்க எங்களை ஒருத்தருக்கும் தேவையில்லை எண்டு நல்லாத் தெரியுது, என்ன?" அதில் கவலை இருக்கவில்லை. காலையில் பிள்ளை அழவில்லை, அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை, ஒருவரும் சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போகவில்லை. ஒரு கோப்பி ஐந்து யூரோ என்று தெரிந்தும் வாங்கிக் குடித்தோம்.

வந்த பிறகு ஒழுங்கையில் பழைய கேள்வி போய்ப் புதுக் கேள்விகள் வந்திருக்கின்றன. சோறு கிடைக்குமா, மரக்கறிக்காரர் என்ன செய்வது, குளிருக்கு எத்தனை உடுப்பு, சீனி வருத்தக்காரர் போகலாமா. ஓடி ஓடிப் பார்ப்பது ஒரு பார்வையா என்று இளசுகள் கேட்கிறார்கள். ரோம் ஒரு நாளில் விளங்காது என்பது எனக்கும் தெரியும். மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்தும் பார்க்காத ஊரை ஒரு மணித்தியாலமாவது பார்த்தேன் என்பதுதான் என் கணக்கு. மச்சாள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போன கிழமை என்னிடம் வந்து, புதுச் சீட்டு ஒன்று தொடங்குகிறாளாம், பன்னிரண்டு பெண்கள், சுற்றுலாவுக்கென்றே. சித்திரையில் முதற் சீட்டு விழும். முதலாவது ஆருக்கு என்பதில்தான் இன்னும் சண்டை தீரவில்லை.